மெஸ்ஸில் படித்த மொழி

திருவனந்தபுரம் கரமனையில் உள்ள அந்தச் சிறிய தமிழ்ச் சபையில் ராகேல் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூட மைக்கைத் தொட்டதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அசனம் என்கிற சபை விருந்து நடக்கும் நாளில் கோயிலின் பின்பக்கம் அண்டா கழுவுகிறவர்களில் அவளும் ஒருத்தி. அதனால் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்ததும் போதகர் தன் அறைக்கு வரச் சொன்னபோது, பாத்திரம் ஏதாவது காணாமல் போயிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

"ராகேலம்மா, உங்களுக்கு ஒடியா தெரியுமாமே?"

"யாரு ஐயா சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்தான். நல்லா பேசுவீங்கன்னு சொன்னாரு."

"அவருக்கு வேற வேல இல்ல. சோறு வேணுமா, கொழம்பு போதுமா, தண்ணி எங்க இருக்கு, இவ்வளவுதான் ஐயா எனக்குத் தெரியும்."

"எங்ககிட்ட அதுகூட இல்லையே" என்றார் போதகர்.

விஷயம் இதுதான். சபையின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து பதினான்கு பேர் மே மாதம் ஒடிசாவுக்கு ஊழியப் பயணம் போக இருந்தார்கள். ராயகடா மலைப்பக்கத்தில் ஒரு மிஷன் விடுதியில் பத்து நாள் தங்கி, சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு எடுக்க வேண்டும், மாலையில் பக்கத்து ஊர்களில் பாட்டும் நாடகமும் நடத்த வேண்டும். போகிறவர்கள் எல்லாம் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், போனில் ஆங்கிலம். ஒருவரும் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. அவர்களைத் தயார் செய்யப் போதகரிடம் ஆறு பாடங்கள் கொண்ட ஓர் ஆங்கிலக் கையேடு இருந்தது. கையேட்டை ஐக்கியத்தின் செயலாளர் அனுஷா நடத்துவாள், பேச்சையும் சாப்பாட்டையும் ராகேல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ராகேலிடம் கேட்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

ராகேலுக்குச் சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். டைல்ஸ் பதிக்கிற ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வயதில் இங்கே வந்தாள். வந்த புதிதில் ஒரு வருடம் அவளுக்கு மலையாளம் பிடிபடவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒருவன் மீனை எடை போட்டுக்கொண்டே பக்கத்துக் கடைக்காரனிடம், "பாண்டிக்கு எந்து கொடுத்தாலும் மதி" என்றான். என்ன சொன்னான் என்று வீட்டில் கேட்டாள். தமிழச்சிக்கு எதைக் கொடுத்தாலும் போதும் என்கிறான் என்றான் ஜெபசிங். அன்று வாங்கிய மீன் கெட்டுத்தான் போயிருந்தது. பிறகு மலையாளம் வந்துவிட்டது. கோபம் வந்த இடத்தில் மொழியும் சீக்கிரம் வரும் என்பது அவள் கண்டது.

ஆறு வருடத்துக்கு முன் டைல்ஸ் பெட்டி தூக்கித் தூக்கி ஜெபசிங்குக்கு முதுகு போனது. ராகேல் வேலைக்குக் கிளம்பினாள். கழக்கூட்டத்தில் அடுக்குமாடி கட்டுகிற தொழிலாளர் முகாமின் மெஸ்ஸில் சமையல். விடியும் முன் கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பஸ். நூற்றிருபது பேருக்குச் சோறு. முக்கால்வாசிப் பேர் ஒடிசாக்காரர்கள். ஊருக்குள் அவர்கள் எல்லாரையும் 'பங்காளி', அதாவது வங்காளி, என்றே சொன்னார்கள். வங்காளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

முதல் வெயில் காலத்தில், மிஞ்சின சோற்றில் ஒருவன் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதை அவள் பார்த்தாள். மறுநாள் அதில் உப்பும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டுக் கரைத்துக் குடித்தான்.

"ஏ, இது நம்ம பழையதுல்லா!" என்றாள் ராகேல்.

"பகாளா" என்றான் அவன்.

அவன் பெயர் சுதாம் மாஜி. கம்பி கட்டுகிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் கற்றுக்கொண்ட முதல் ஒடியாச் சொல் அதுதான். மற்றவையும் பரிமாறுகிற ஜன்னல் வழியாகவே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சித்தி முறை வைத்து அவர்கள் அவளை 'மௌசி' என்று கூப்பிட்டார்கள்.

முதல் வகுப்பு சொதப்பியது. அனுஷா டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், இருபத்து நாலு வயது. திரையில் படங்களைப் போட்டு, 'கலாச்சார அதிர்ச்சி' என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினாள். அதன்பிறகு ராகேலை மேடைக்கு அழைத்தார்கள். மைக்கில் அவள் ஐந்து சொற்களைச் சொன்னாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஆறாவதற்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எனக்கு இப்படி நின்னுகிட்டுச் சொல்ல வராது. அடுத்த ஞாயித்துக்கிழம மத்தியானம் எல்லாரும் கழக்கூட்டம் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பதினான்கு பேரும் வந்தார்கள். ஒரே நிறத்தில் சட்டை, கையில் உறை, தலையில் தொப்பி. தொழிலாளர்களுக்குப் பரிமாறத்தான் அழைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். ஒருத்தன் சாம்பார் வாளியையே தூக்கிவிட்டான்.

"அத அங்க வை. வெளம்ப வேண்டாம். ஆளுக்கொரு தட்டு எடுத்துட்டு வரிசையில நில்லுங்க."

"நாங்க கழிச்சிட்டுதான் வந்தோம் அக்கா" என்றாள் அனுஷா. மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

"பரவாயில்ல, கொஞ்சமாத் தின்னுங்க."

நூற்றிருபது ஆண்களுக்கு நடுவே தட்டோடு நின்றார்கள். முகாமில் வெளியாட்கள் வந்து வரிசையில் நின்று யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் சாப்பாட்டை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இவர்களுக்குப் புரியவில்லை. தரையில் உட்கார இடம் தேடினார்கள். பிரஜின் என்கிற பையனுக்குக் காது சிவந்து போயிற்று. அங்கே ஊழியத்துக்கு வேண்டிய எந்தப் பாடம் நடந்தது என்று அனுஷாவுக்கு விளங்கவில்லை. திரும்புகிற வழியில் கேட்டாள்.

"நாலு பேரு வேடிக்க பாக்கையில எப்படித் திங்கதுன்னு தெரியணும்லா?" என்றாள் ராகேல். "அங்க போனா பத்து நாளும் அப்படித்தான் இருக்கும்."

அன்று அவள் ஒரு விதியும் போட்டாள். யாருடைய வீட்டிலும் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஏதோ ஒரு சங்கத்தார் முகாமுக்கு வந்து போர்வை கொடுத்து, லுங்கியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். அந்தப் படம் ஒருவனுடைய ஊர்வரைக்கும் போய், 'பிச்சை வாங்கவா கேரளத்துக்குப் போனாய்' என்று அவன் மாமனார் போனில் கேட்டார். இரண்டு நாள் அவன் சாப்பிட வரவில்லை.

நாடக ஒத்திகைக்கு ராகேல் சுதாமை அழைத்து வந்தாள். வசனத்தில் நாலைந்து வரியாவது ஒடியாவில் இருக்கட்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். வாசலிலேயே அனுஷா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அந்த பங்காளி வந்தாச்சு, கேட்டோ!"

"அவரு பேரு சுதாம்" என்றாள் ராகேல்.

நாடகம் இருபது நிமிடம். மலைக்கிராமத்தில் ஒரு குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறான், மரத்தைக் கும்பிடுகிறான். நகரத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்டு வருகிறவர்கள் அவனைத் திருத்துகிறார்கள். குடிகாரன் பிரஜின். இடுப்பில் இலைதழை கட்டி, முகம் கை எல்லாம் கரி பூசியிருந்தான். கரி இல்லாவிட்டாலும் அவன் சுதாமைவிட ஒரு படி கறுப்பு.

சுதாம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தான். பெண்டாட்டியை அடிக்கிற இடத்தில் சிரித்தான். முடிந்ததும் கை தட்டினான். பிறகு ராகேலின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டான்.

"என்ன கேக்காரு அக்கா?" என்றான் பிரஜின்.

"கரி எதுக்குன்னு கேக்காரு."



"இது அவங்க ஊர்க்காரங்கன்னு காட்டத்தான்..." என்று தொடங்கிய அனுஷா நடுவில் நிறுத்திக்கொண்டாள். சுதாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். பிறகு, தங்கள் ஊரில் கரியைப் பல் தேய்க்கத்தான் எடுப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னான். ராகேல் அதையும் தமிழில் சொன்னாள்.

பிரஜின் பின்பக்கக் குழாய்க்குப் போனான். முகம் கழுவ அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. வந்ததும் கத்தினான். ஒரு மாதம் பாடுபட்டுத் தயார் செய்ததை ஒரு ஆள் வந்து ஒரு கேள்வி கேட்டதும் விடுவதா, பின்னே எதுக்கு இந்த ஒத்திகை எல்லாம் என்றான். யாரும் விடச் சொல்லவில்லை என்றாள் ராகேல். அது உண்மைதான். அந்த வாரம் அவர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. இரண்டு பேர் பயணத்துக்கே வரவில்லை என்று விலகினார்கள். கடைசியில் போதகர் நாடகத்தை எடுத்துவிட்டு, காணாமல்போன ஆட்டின் கதையைப் போடச் சொன்னார். செம்மறியாடு அங்கே அதிகம் இல்லை, வெள்ளாடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான் சுதாம். வெள்ளாட்டைத் தேடுகிறவன் எப்படிக் கூப்பிடுவான் என்று நாக்கை மடித்துச் சத்தம் போட்டுக் காட்டினான். பிரஜினுக்கு அந்தச் சத்தம் மட்டும் நன்றாக வந்தது.

பன்னிரண்டு பேருக்குச் சமைக்கவும் பேச்சுத்துணைக்குமாக ராகேலும் வர வேண்டும் என்று போதகர் கேட்டார். மெஸ் மேற்பார்வையாளனிடம் அவள் இரண்டு வாரம் லீவு கேட்டாள்.

"போயிட்டு வா சேச்சி. பக்ஷே வேற ஆள வச்சிட்டேன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றான் அவன்.

ஜெபசிங் போக வேண்டாம் என்றான். சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். ராகேல் ஒருநாள் முழுக்க யோசித்தாள். இந்தச் சபையில் அண்டா கழுவ அல்லாமல் வேறொன்றுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிடுகிறார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சுதாம் ஒரு பையோடு ஜன்னலுக்கு வந்தான். உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பையும் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸும் இருந்தன. அவன் ஊர் அந்த விடுதியிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம். அவன் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மகளுக்கு எட்டு வயது, பெயர் மாலதி.

"முடிஞ்சா பாத்துட்டு வா மௌசி. முடியலன்னா அங்க யாருகிட்டயாவது குடுத்து விடு."

நேர் ரயிலுக்காக ஆலப்புழை போய் ஏறி இரண்டாம் நாள் ராயகடாவில் இறங்கினார்கள். விடுதியில் நாட்கள் சொன்னபடியே போயின. வெள்ளையடித்தார்கள். பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொண்டார்கள், இவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். மாலைக் கூட்டங்களுக்குச் சில ஊர்களில் ஆள் வந்தது, சில ஊர்களில் வரவில்லை. மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. சாப்பிடும்போது ஊரே நின்று பார்த்தது. அதற்கு யாருக்கும் காது சிவக்கவில்லை.

எட்டாம் நாள் ராகேல், கூட வந்திருந்த போதகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அனுஷாவுடன் ஜீப் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள். உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

சுதாமின் மனைவி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ராகேல் வணங்கிவிட்டு முதல் வாக்கியத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். ராகேல் மறுபடி சொன்னாள். அந்தப் பெண் பதில் சொன்னாள். அதில் ஒரு சொல்கூட ராகேலுக்குத் தெரிந்ததாக இல்லை.

அந்த ஊரில் பேசுவது கூயி. ஒடியாவுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சுதாம் வேலைக்கு வெளியூர் போய்த்தான் ஒடியாவே நன்றாகப் பேசக் கற்றவன். இதை அவன் சொல்லவே இல்லை, ராகேலும் கேட்டதில்லை.

மாலதி பள்ளிக்கூடத்தில் ஒடியா படித்திருந்தாள். தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவளிடமாவது பேசலாம் என்று ராகேல் குனிந்தாள். பாடம் செய்த வாக்கியங்கள் அத்தனையும் மறந்து போயிருந்தன. வாயில் வந்தது மெஸ்ஸில் தினம் சொல்வதுதான்.

"சாப்டியா? சோறு இருக்கா? இன்னும் கொஞ்சம் வேணுமா?"

குழந்தை கவனமாகக் கேட்டது. உள்ளே ஓடிப்போய்த் தாயிடம் சொன்னது. தாய் எழுந்து அடுப்பை மூட்டினாள்.

"என்ன அக்கா, என்ன சொன்னீங்க?"

"நான் சாப்டியான்னுதான் கேட்டேன். எனக்குப் பசிக்கின்னு போய்ச் சொல்லிட்டா போலுக்கு."

கால் மணி நேரத்தில் இரண்டு தட்டு நிறையச் சோறும் முருங்கைக்கீரையும் வந்தன. விடுதியில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து நின்று பார்க்க, இரண்டு பேரும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு ராகேல் கை கழுவிவிட்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து புளியை இழுத்துக்கொண்டாள். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, இந்தக் குவியலும் அந்தக் குவியலுமாக ஒரு மணி நேரம் ஓடியது. பேச்சு இல்லை. ராகேல் சரியாக எடுக்காத ஒன்றை அந்தப் பெண் வாங்கி மறுபடி எடுத்தாள். மாலதி புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அனுஷா போனை வெளியே எடுத்தாள்.

ராகேல் தலையை ஆட்டினாள். அனுஷா போனை உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பி முதல் வேலைநாளில் ராகேல் மெஸ்ஸுக்குப் போனபோது அவள் அடுப்பில் வேறொருத்தி நின்றாள். வெங்காயம் உரிக்கிற வேலை இருக்கிறது, வேண்டுமானால் செய் என்றான் மேற்பார்வையாளன். அவள் செய்தாள். மத்தியானம் சுதாம் அவளைத் தேடி வந்து வெங்காய மூட்டையின்மேல் உட்கார்ந்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் கையை நீட்டினான். முதலில் அவளுக்குப் புரியவில்லை. போனுக்காக நீட்டுகிறான்.

"போட்டோ எடுக்கலையே" என்றாள்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணும் எடுக்கல."

எல்லாருக்கும் தான் போட்ட விதியை அவள் அவனுக்கு எப்படிச் சொல்லுவாள்? அவன் மனைவியிடம் இருந்தது பொத்தான் போன். மகள் முகத்தை அவன் பார்த்து இரண்டு வருடம். அனுஷா கேட்காமலே எடுக்கப் போன ஒரே படம், இவன் கேட்டிருக்கக்கூடிய ஒரே படம்.

ராகேல் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று இடுப்புக்குமேல் கையை வைத்து, "இவ்வளவு உசரம்" என்று காட்டினாள். முன்பல் இரண்டு விழுந்திருப்பதை உதட்டை மடித்துக் காட்டினாள். பின்னலுக்கும் கொலுசுக்கும் அவளிடம் ஒடியாச் சொல் இல்லை. தன் தலைமுடியை இழுத்துக் காட்டினாள், கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். பையை மாட்டிக்கொண்டு சுற்றி வந்ததை, நாற்பத்து நாலு வயதில், வெங்காயத் தோல்களுக்கு நடுவே சுற்றி வந்து காட்டினாள். சோறு கேட்ட கதையையும் சொன்னாள்.

சுதாம் சிரித்தான். "நீ போய் அவகிட்ட சோறு கேட்டிருக்க!" என்றான். இன்னொருமுறை அதையே சொல்லிச் சிரித்தான். பிறகு எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தான். பாதி குடித்ததும் வேலைக்குப் போய்விட்டான்.

புதுச் சமையல்காரி ஆகஸ்டில் நின்றுவிட்டாள். ராகேலுக்கு அடுப்பு திரும்பக் கிடைத்தது. சுதாம் நவம்பரில் அறுவடைக்கு ஊருக்குப் போனான். திரும்பி வரவில்லை. விஜயவாடாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாக ஒருவனும், ஊரிலேயே இருப்பதாக இன்னொருவனும் சொன்னார்கள்.

அடுத்த மார்ச்சில் போதகர் மறுபடி அவளைக் கூப்பிட்டார். அதே விடுதி, இந்த முறை பதினெட்டு பேர்.

"ஒடியா போதாது ஐயா" என்றாள் ராகேல். "கூயி தெரிஞ்ச ஆளு வேணும்."

"அதுக்கு இங்க எங்க போறது?"

"தேடணும்."

அனுஷாதான் தேடினாள். ஐந்து வாரம் ஆயிற்று. நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை பழகிக்கொண்டிருந்த சஞ்சுக்தா என்கிற பெண் கிடைத்தாள். ராயகடாப் பக்கத்துக்காரி, இருபது வயது இருக்கும். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் வர ஒப்புக்கொண்டாள். மைக் வேண்டாம் என்றாள்.

முதல் வகுப்புக்கு ராகேல் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தாள். முன்வரிசையில் மட்டும்தான் இடம் இருந்தது. பிரஜின் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் நாற்பது பக்க நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். சஞ்சுக்தா ஒரு சொல்லைச் சொல்லி அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ராகேல் சொன்னாள். சஞ்சுக்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள், கூட இருந்த பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

"எங்க, இன்னொருதடவ சொல்லு மோளே" என்றாள் ராகேல்.